முழுச் சத்தத்தில் ஒரு பகல்

அத்தியாயம் பதினொன்று

மூத்தார் என்றைக்காவது தன் வாசலில் வந்து நிற்பார் என்று கோடக்காவுக்குத் தெரியும். நாலு மாதமாக அதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் காலை ஏழரை மணிக்கு, முகம்கூட மழிக்காமல், மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார் என்று நினைக்கவில்லை.

கதவைத் திறந்தது அவள் கணவன். அண்ணனையும் அண்ணியையும் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வாங்க என்று சொல்வதற்குள் இரண்டு தரம் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் அடுப்படியை விட்டு நகரவில்லை. வந்தவர் உட்காரட்டும். உட்கார்ந்தவர் காத்திருக்கட்டும்.

கோடக்கா என்பது ஆபீஸ் பெண்கள் வைத்த பெயர். கம்ப்யூட்டருக்கு 'கோட்' எழுதுகிறவள் என்பதால் கோடக்கா. கோடு போடச் சொன்னால் ரோடே போட்டுவிடுவாள் என்று அதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு.

அந்த ஆபீஸ் மூத்தாருடையது. நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு டைப் செய்ய வேண்டும். காலுக்கடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். குரலை ஓட்டுகிற அந்த சாஃப்ட்வேரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதியவள் கோடக்காதான்.

அவள் எழுதியதில் ஒரு வரி மட்டும் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், புரியாத இடமெல்லாம் காலியாக விட்ட சில தாள்களை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது. பெண்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள் என்று மூத்தார் குதித்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதியே இருக்கக்கூடாது, எப்போதும் முழுச் சத்தம்தான் என்று உத்தரவு போட்டார். கோடக்கா ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தாள். யாராவது கம்ப்யூட்டரில் சத்தத்தைக் குறைத்தாலும் ஒரே விநாடியில் சாஃப்ட்வேர் அதை மறுபடி உச்சிக்கு ஏற்றிவிடும். அந்த சாமர்த்தியத்தை அன்றைக்கு மூத்தாரிடம் பெருமையாகக் காட்டவும் செய்தாள்.

போதாததற்கு, இணைப்பு வேகம் போதவில்லை என்று ஒலிக்கோப்புகளை எவ்வளவு நசுக்க முடியுமோ அவ்வளவு நசுக்கிச் சின்னதாக்கினார்கள். டாக்டர்களின் குரல் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினது போல வரும். அறுபது என்றாரா, எழுபது என்றாரா? நாலு தரம் திருப்பிக் கேட்க வேண்டும். நாலு தரமும் முழுச் சத்தத்தில்.

பதினாலாம் நம்பர் இருக்கையில் உட்கார்ந்திருந்தது கோடக்காவின் தங்கை. வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். வலது காதை மட்டுமாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஹெட்போனை அந்தக் காதை விட்டு நகர்த்திவிட்டு, இடது காதாலேயே பதினேழு மாதம் கேட்டாள். இடது காது போய்விட்டது. போனது திரும்பாது என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். ஈரக் கண்ணாடியை விரலால் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் அந்தக் காதில் ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே கோடக்கா வேலையை விட்டாள். கூட்டுக் குடும்பத்தை விட்டு இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தார்கள். கணவன் மட்டும் அங்கேயே மேலாளராக இருந்தான். இருவரும் விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அவன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. தினமும் வீட்டுக்கு வந்ததும், நான் உன் பக்கம்தான், அண்ணன் செஞ்சது தப்புதான் என்பான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாலு மாதத்தைத் தள்ளினாள்.

மூத்தாரோ சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் ஒன்று சொல்லி வைத்திருந்தார். காது போன அந்தப் பெண் ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் மாற்றியிருக்க மாட்டேனா என்று. காது போனதைக்கூடக் கோடக்கா ஜீரணித்திருப்பாள். இந்தப் பேச்சை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது அதே மூத்தார் அவள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விஷயம் இதுதான். ஒரு மருந்துச் சீட்டில் அறுபது எழுபதாகிவிட்டது. நல்ல வேளையாக நர்ஸ் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரி விடவில்லை. சத்தம் அந்தந்தப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும், ஒலியின் தரத்தையும் தேவைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள வசதி வேண்டும், நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு நாற்பது மெஷினையும் வந்து பார்ப்போம், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. வெளியே இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தாராம். இருவரும் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"நீ எழுதினது உனக்குத்தான் தெரியும்மா" என்றார். "ஒரு நாள்ல முடியுமா?"

ஒரு நாள் எதற்கு? தங்கைக்குக் காது போன பத்து நாளுக்குள்ளேயே அவள் அதை எழுதி முடித்திருந்தாள். சத்தத்தை இழுத்துக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டை. அதன் பக்கத்தில் சாதா, நடுத்தரம், தெளிவு என்று மூன்று தேர்வுகள். திடீரென்று இருமலோ கதவுச் சத்தமோ வந்தால் காதைத் தாக்காமல் தானே அடக்கிவிடுகிற ஒரு தடுப்பு. எல்லாம் அலமாரியில் புடவைக்கு அடியில், விரல் நீள டிரைவ் ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்தது.

"முடியும் மாமா" என்றாள். "சாயந்திரம் ஆறு மணிக்குப் போட்டுத் தர்றேன். அதுக்கு முன்னால நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும்."

"சொல்லு."

"பதினாலாம் நம்பர்ல உட்காருங்க. ஒன்பதுலேருந்து ஆறு வரைக்கும். பழைய சாஃப்ட்வேர், பழைய சத்தம், பழைய ஃபைல். கேட்டு டைப் பண்ணுங்க. அந்தப் பொண்ணுங்களுக்கு நீங்க என்ன ரூல் போட்டிருக்கீங்களோ, அதே ரூல் உங்களுக்கும்."

ஓரகத்தி வாயைத் திறந்தாள். மூத்தார் கையமர்த்தினார். இவ்வளவுதானா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கோடக்காவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சிரிக்கட்டும். பதினோரு மணிக்கும் இதே சிரிப்பு இருக்கிறதா பார்க்கலாம்.

கணவன் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இதெல்லாம் வேண்டாமே, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு மரியாதையாக வந்துவிடலாமே என்றான். ஒரு நாள் கேட்டால் யாருக்கும் காது போகாது, டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன் என்றாள் அவள். அதற்கில்லை என்று இழுத்தான். எதற்கில்லை என்று சொல்லவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அண்ணன் பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு மூத்தார் ஹெட்போனை மாட்டிக்கொண்டபோது ஹாலில் எல்லோரும் டைப் செய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அடுத்த நொடி அவர் தோள்கள் இரண்டும் தூக்கிப் போட்டன. கை தானாக ஹெட்போனுக்குப் போய், பார்வைகளைக் கண்டதும் இறங்கியது. கோடக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முதல் மணி நேரம் ரோஷத்தில் ஓடியது. இரண்டாவது மணி நேரத்தில் கம்ப்யூட்டரின் சத்தத்தைத் திருட்டுத்தனமாகக் குறைத்துப் பார்த்தார். ஒரு விநாடி. சத்தம் மறுபடி உச்சிக்கு ஏறியது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நீங்க சொல்லித்தான் எழுதினேன்" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை.

பத்தே முக்காலுக்குப் பாத்ரூம் போக எழுந்தார். கோடக்கா ஒன்றும் பேசாமல் சுவரோரம் தொங்கிய நோட்டைக் காட்டினாள். போகும் நேரம், வரும் நேரம், கையெழுத்து. அவரே போட்ட ரூல். அவரே கையெழுத்துப் போட்டார். பின் வரிசையில் யாரோ இருமுகிற மாதிரி சிரித்தாள். திரும்பி வரும்போது ரூலில் இருந்த நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதையும் எழுதச் சொன்னாள்.

பகலில் ஓரகத்தி தலைவலி மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள். அவளும் அழுகிற நிலையில்தான் இருந்தாள். ரத்த அழுத்தம் இருக்கிற மனுஷன், போதுமே, நீ ஜெயித்துவிட்டாய் என்று ஒத்துக்கொள்கிறோமே என்று மன்றாடினாள்.

"பதினேழு மாசம் அக்கா" என்றாள் கோடக்கா. "தலைவலி தலைவலின்னு என் தங்கச்சி தலையில துணி கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. நீங்களும் இந்த ஹால் வழியாத்தானே போய் வந்துக்கிட்டிருந்தீங்க. ஒரு தடவை ஒரு மாத்திரை குடுத்தீங்களா?"

ஓரகத்தி மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இத்தனைக்கும் கோடக்காவின் மனம் ஆறவில்லை. பழிவாங்கினால் பசி தீருகிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். உப்புத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. மூத்தாரின் நெற்றி நரம்பு புடைப்பதைப் பார்த்தால், இன்னும் கொஞ்சம் புடைக்கட்டும் என்றுதான் தோன்றியது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கணவன் மேஜை டிராயரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தரம் வெளியே வந்து, இத்துடன் விட்டுவிடேன் என்று மெதுவாகச் சொன்னான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

மூன்று மணிக்குத் தங்கை வந்தாள். அக்காதான் வரச் சொல்லியிருந்தாள். தன் கண்ணால் பார்க்கட்டும் என்று. தங்கை பார்த்தாள். பெரியவர் கூன் போட்டுக்கொண்டு, கண் சிவந்து, ஒரே வரியை ஆறாம் தரம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, பரிதாபமும் இல்லை.

"இது எனக்காகப் பண்றியாக்கா, உனக்காகவா?" என்று கேட்டாள்.

கோடக்கா பதினைந்தாம் மெஷினில் புதியதைப் போட்டுத் தங்கையை உட்காரவைத்தாள். தங்கை ஹெட்போனைத் திருப்பி வலது காதுக்கு வைத்துக்கொண்டாள். பட்டையை அடியிலிருந்து பயந்து பயந்து நகர்த்தினாள். கால்வாசிக்கு வந்ததும் நிறுத்தினாள். பிறகு 'தெளிவு' என்பதைத் தொட்டாள். அதற்கென்று ஆஸ்பத்திரி நசுக்காமல் அனுப்பிய மாதிரிக் கோப்பு ஓடியது. அவள் பதினேழு மாதம் கேட்ட அதே டாக்டர்.

கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். "இவருக்கு எப்பவும் மூக்கடைப்புன்னு நினைச்சிருந்தேன்" என்றாள். "நல்ல குரல்தான்."

கோடக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். இந்தப் பட்டையை எழுத அவளுக்கு ஆனது ஒன்பது நாள். ஒன்பது நாள் வேலை.

ஆறு மணி அடித்ததும் மூத்தார் ஹெட்போனைக் கழற்றினார். காதோரம் சிவந்து வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. பெண்கள் பையை எடுத்துக்கொண்டும் நகராமல் நின்றார்கள். இந்த நேரத்துக்காகக் கோடக்கா நாலு மாதமாக ஒரு கேள்வியைத் தீட்டி வைத்திருந்தாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்று குனிந்து, காதோடு கேட்டாள்.

"அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே மாமா. ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தீங்க. இதை ஒருத்தி வாயால சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?"

மூத்தார் அவளை நெருங்கி, இரண்டு பேருக்கு மட்டும் என்கிற பாவனையில், கையை வாயருகே மறைப்பாக வைத்துக்கொண்டு பேசினார். காது இரண்டும் அடைத்துப்போயிருந்த மனிதர். தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஹாலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அவ சொன்னாம்மா. வாயால இல்ல, எழுதியே குடுத்தா. மூணு தடவை. எனக்கு ஒண்ணுகூட வரல. நீ வேலையை விட்டப்புறம்தான் என் தம்பி டிராயர்ல பார்த்தேன். தம்பியாச்சே, உன் வீட்டுக்காரனாச்சேன்னு பழியை நான் தூக்கிக்கிட்டு, அவ சொல்லவே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லி மூடினேன். சத்தத்தைப் பூட்டச் சொன்னது நான்தான், அந்தப் பாவம் என்னுது. ஆனா அந்த மூணு காகிதம் என்னுது இல்ல. நீ இதை யாருக்கும் சொல்லாதே."

யாருக்கும் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. நாற்பது தலைகளும் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பியிருந்தன. எல்லோரும் ஏன் அங்கே பார்க்கிறார்கள் என்று மூத்தார் புரியாமல் திரும்பினார். அவரைக் கூட்டிப்போக வந்து நின்றிருந்த மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான், தான் ரகசியம் பேசவில்லை, அறிவிப்புக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. நாற்காலியில் மறுபடி தொப்பென்று உட்கார்ந்தார்.

கணவன் எழுந்து நின்றிருந்தான். ஒரு கை டிராயர்மேல்.

கோடக்கா அவனைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவே போதும். இவளுக்கும் தெரியும். நாலு மாதமாகத் தெரியும்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கோடக்கா டிரைவை எடுத்துக்கொண்டு முதல் மெஷினில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். ஒவ்வொன்றிலும் பட்டையைக் கால்வாசியில் வைத்து, தேர்வைத் தெளிவில் வைத்து, ஒரு தரம் ஓட்டிக் கேட்டுவிட்டு எழுந்தாள். அந்தப் பெண்கள் நாளைக்கு வந்து உட்கார வேண்டும். அவள் வீட்டில் என்ன இடிந்து விழுந்தாலும் அது அவர்கள் காதில் விழ வேண்டிய அவசியமில்லை.

முப்பத்தொன்பது மெஷின் முடிந்தது. டிரைவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கணவன் பக்கத்தில் வந்தான். அண்ணனுக்குக் கோபம் வருமே, நீ எழுதினதில் குறை என்று தெரிந்தால் உன் மனசு உடைந்துவிடுமே என்று பயந்துதான் உள்ளே வைத்தேன், சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன் என்று எதையெதையோ சொல்லிக்கொண்டு போனான். கடைசியில், "வீட்டுல பேசிக்கலாம், வா" என்றான்.

"பதினாலாம் நம்பர்ல இன்னும் பழசுதான் இருக்கு" என்றாள். "காலையில ஒன்பது மணி. வந்து உட்காருங்க."

"பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. நாற்பதையும் பார்ப்பாங்க."

"பன்னிரண்டுக்கு அஞ்சு நிமிஷம் முன்னால மாத்திடறேன். நீங்க மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தா. உட்காரலன்னா, அவங்க அப்படியே பார்த்துட்டுப் போகட்டும்."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் பேசியது அவருக்குக் கேட்டதோ, கேட்காத மாதிரி இருந்தாரோ.

தெருவில் இறங்கினதும் கோடக்கா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தங்கையோடு அவள் தங்கியிருந்த விடுதிப் பக்கம் நடந்தாள். பஸ்கள் இரைந்துகொண்டு போயின. தங்கைக்குக் கேட்க வேண்டும் என்றால் வலது பக்கம் வர வேண்டும். சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"அத்தான் வேண்டாம்னாரு. அக்கா எழுதின புரோகிராம், தாங்க மாட்டா, நானே சரி பண்றேன்னாரு. மூணு தடவையும் அதையேதான் சொன்னாரு." தங்கை ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டு ஒதுங்கினாள். "அதுக்கப்புறம் சொல்லி என்ன பண்றது? காது திரும்பி வரப்போறதில்ல. உன் வீடாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கோடக்காவுக்கு நடுத்தெருவில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. தங்கை அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டாள். இந்த நாலு மாதத்தில் அக்காவுக்கு ஆறுதலாகத்தான் நடந்துகொண்டாள் அவள். ஒரு நாள் குரலை உயர்த்தினதில்லை. போனால் போகிறது அக்கா, போனால் போகிறது என்று இதே கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாள்.

விடுதி வாசலில் தங்கை நின்றாள்.

"நாளைக்கு அத்தான் வந்து உட்கார்ந்தா" என்றாள், "பக்கத்து ஸ்டூல்ல நீ உட்காராதே."

"ஏன்?"

"நான் உட்காரணும். அந்த மூணு காகிதத்தையும் அவரு சத்தமா எனக்குப் படிச்சுக் காட்டணும். இந்தக் காதுல." இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "எனக்குக் கேக்குற வரைக்கும்."

கோடக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம்தான். ஆனாலும் தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.